பிளாக் மாஸ்க் வழியாக உள்ளே: அமெரிக்க பல்ப் இதழ்களின் துப்பறியும் கதைகளைப் படிக்க முழுமையான வழிகாட்டி

‘பல்ப்’ என்றதும் விளக்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். மரக்கூழில் செய்த, ஓரம் வெட்டாத, சீக்கிரமே பழுப்பேறிப் பொடிந்துபோகும் மட்டமான காகிதத்தை வைத்து அமெரிக்காவில் அந்த இதழ்களுக்கு வந்த பெயர் அது. நம் ஊரில் சாணித்தாள் என்கிறோமே, அதற்கு அண்ணன் முறை.

அந்தக் காகிதத்தில் வெளிவந்த துப்பறியும் கதைகளைப் பெரும்பாலானோர் தலைகீழாகத்தான் படிக்கிறோம். முதலில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பிறகு ரேமண்ட் சாண்ட்லரின் நாவல் ஒன்று. அதன் பிறகு டாஷியல் ஹாமெட். இதழ்களில் வந்த மூலக் கதைகள் கடைசியில் வரும், அல்லது வராமலே போகும். நானும் அப்படித்தான் வந்தேன். அதனால் ஒரு விஷயம் பிடிபட எனக்கு வெகுகாலம் ஆனது. அந்தக் கதைகளின் நடை ஒரு மேதையின் தலையில் ஒரே இரவில் உதித்ததல்ல. சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்த கணக்கர் ஒரு பக்கம் இழுத்தார், கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்த ஆசிரியர் மறுபக்கம் இழுத்தார். இரண்டு இழுப்புக்கும் நடுவே முறுக்கேறியதுதான் அந்த நடை. நாவலாகத் திருத்தி அச்சிட்ட பிறகு அந்த முறுக்கு பாதி மறைந்துவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டி இதழ்களின் வரிசையில் போகிறது. அமெரிக்காவின் 1920களும் 30களும்தான் நம் எல்லை. அதிலும் பெரும்பகுதி பிளாக் மாஸ்க் என்ற ஒரே இதழ்.

படி 1: காகிதத்தையும் காசையும் முதலில் புரிந்துகொள்ளுங்கள்

கதைக்குள் நுழையுமுன் ஒரு பழைய இதழின் ஸ்கேன் பிரதியை முழுதாகப் புரட்டுங்கள். கதையைப் படிக்க வேண்டாம், அட்டையிலிருந்து கடைசி விளம்பரம் வரை கண்ணால் பார்த்தால் போதும். ஏறக்குறைய 7 அங்குல அகலம், 10 அங்குல உயரம், 128 பக்கம் என்பது வழக்கமான வடிவம். அட்டை மட்டும் வழவழப்பான வண்ணம். உள்ளே இரண்டு பத்தி அச்சு, அங்கங்கே கோட்டோவியம். விலை 10 சென்ட்டிலிருந்து 25 சென்ட் வரை. இந்த வியாபாரத்தைத் தொடங்கிவைத்தவர் ஃபிராங்க் மன்சி. 1896-இல் தன் ஆர்கஸி இதழை முழுக்க முழுக்கக் கதைகளுக்காக்கி, மலிவுக் காகிதத்துக்கு மாற்றினார். எதிர்முகாமில் நின்ற வழவழப்புத் தாள் இதழ்களை ‘ஸ்லிக்’ என்றார்கள். அவற்றுக்கு விளம்பரதாரர் படியளந்தார். பல்ப் இதழுக்குக் கடையில் காசை நீட்டிய வாசகர்தான் முதலாளி. அவருக்குக் கதை சலித்தால் அடுத்த மாதம் இதழ் இல்லை.

அடுத்தது எழுத்தாளரின் கூலி. சொல்லுக்கு ஒரு சென்ட் என்பது பொதுவான சந்தை விலை. பெயர் பெற்றவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. ரேமண்ட் சாண்ட்லரின் முதல் துப்பறியும் கதை ஏறக்குறைய 18,000 சொற்கள். அதற்கு வந்த பணம் 180 டாலர். எழுத அவருக்கு ஐந்து மாதம் பிடித்தது. மாதத்துக்கு 36 டாலர். வகுத்துப் பார்த்தால் இலக்கியம் எவ்வளவு லட்சணமான பிழைப்பு என்பது விளங்கிவிடும்.

இன்னொரு கோடியில் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர். கலிபோர்னியாவின் வென்ச்சுரா நகரில் பகலெல்லாம் வக்கீல் தொழில், இரவெல்லாம் தட்டச்சு. ஆண்டுக்குப் பத்து லட்சம் சொற்களுக்கு மேல் எழுதித் தள்ளியவர். உங்கள் நாயகர்கள் ஏன் எப்போதும் கடைசிக் குண்டில்தான் எதிரியை வீழ்த்துகிறார்கள் என்று ஒருவர் அவரிடம் கேட்டாராம். சொல்லுக்கு மூன்று சென்ட் தருகிறார்கள், ‘டுமீல்’ என்பதும் ஒரு சொல்தான், துப்பாக்கியில் இன்னும் பதினைந்து சென்ட் மிச்சமிருக்கும்போது சண்டையை முடித்துக்கொள்ள நான் என்ன பைத்தியமா என்றாராம். இனி நீங்கள் படிக்கப்போகும் ஒவ்வொரு துப்பாக்கிச் சண்டையிலும் இந்தக் கதை உங்கள் காதோரம் நிற்கட்டும்.

படி 2: முன்கதையை ஒரே மாலையில் முடித்துவிடுங்கள்

எட்கர் ஆலன் போ 1841-இல் துப்பறியும் கதையைத் தொடங்கிவைத்ததையும் ஷெர்லாக் ஹோம்ஸ் 1891 முதல் லண்டன் ஸ்டிராண்ட் இதழை நிறைத்ததையும் நீங்கள் அறிவீர்கள். அமெரிக்க மலிவிதழ்களின் நேரடி மூதாதை அவர்கள் அல்ல. 1886-இல் பிறந்த நிக் கார்ட்டர் என்ற துப்பறிவாளர்தான். மாறுவேடத்தில் மன்னன், கெட்ட பழக்கம் ஒன்றுகூட இல்லாத உத்தமர். அவருடைய வார இதழை நடத்திவந்த ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் நிறுவனம் 1915 அக்டோபரில் அதை நிறுத்திவிட்டு டிடெக்டிவ் ஸ்டோரி மேகசின் என்ற புது இதழைத் தொடங்கியது. துப்பறியும் கதைகளுக்கு மட்டுமேயான முதல் பல்ப் இதழ் அதுதான். அதிலிருந்து ஏதேனும் ஒரு கதையைப் படியுங்கள். ஒன்றே போதும். சீமாட்டியின் நெக்லஸ் காணாமல் போவதும், நூலகத்தில் பிணம் கிடப்பதும், கடைசிப் பக்கத்தில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்குவதும் எப்படி இருந்தன என்று நாக்கில் ஒரு ருசி ஒட்டினால் சரி. அடுத்த படியில் உடையப்போவது இந்தப் பழைய அச்சுதான்.

படி 3: 1923-ஆம் ஆண்டின் மூன்று கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பிளாக் மாஸ்க் 1920 ஏப்ரலில் பிறந்தது. பெற்றவர்கள் எச். எல். மென்கனும் ஜார்ஜ் ஜீன் நாதனும். இருவரும் அமெரிக்க இலக்கிய விமர்சனத்தில் பெரிய மீசைகள். தங்கள் உயர்தர இதழான ஸ்மார்ட் செட் நஷ்டத்தில் ஓடியதால் அதற்குத் தீனி போட இந்த மலிவிதழைத் தொடங்கினார்கள். 500 டாலர் போட்டார்களாம். எட்டு இதழ்கள் வந்ததும் 12,500 டாலருக்கு விற்றுவிட்டு ஒதுங்கினார்கள். அதன்மீது அவர்களுக்குத் துளி மரியாதையும் இருந்ததில்லை. தொடக்க இதழ்களில் பேய்க்கதை, சாகசக்கதை, காதல்கதை எல்லாம் கலந்திருக்கும். பெரிதாக ஒன்றும் இல்லை, தாண்டிவிடலாம்.

1923-இல் இதழ் மாதம் இருமுறை வந்துகொண்டிருந்தது. ஆசிரியர் ஜார்ஜ் சட்டன். அந்த ஆண்டின் மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மே 15: கரோல் ஜான் டேலி எழுதிய த்ரீ கன் டெர்ரி. நாயகன் டெர்ரி மேக். கூலிக்குத் துப்பறியும், கூசாமல் சுடும், தானே கதை சொல்லும் தனியார் துப்பறிவாளர். அமெரிக்காவின் ஹார்ட்பாயில்ட் வகைக்கு முதல் கதை எது என்ற பட்டிமன்றத்தில் பெரும்பாலும் ஜெயிப்பது இதுதான். ஹார்ட்பாயில்ட் என்பது முட்டையை வேகவைக்கும் கணக்கில் வந்த சொல்: உள்ளே இளகல் எதுவும் இல்லாமல் கெட்டிப்பட்டுப்போனது.

ஜூன் 1: அதே டேலியின் நைட்ஸ் ஆஃப் தி ஓப்பன் பாம். இதில் ரேஸ் வில்லியம்ஸ் அறிமுகமாகிறான். அந்த இதழ் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பைப் பற்றிய சிறப்பிதழ். நம்புவது கடினம், ஆனால் அந்த அமைப்பை ஆதரித்தும் எதிர்த்தும் வாசகர் கடிதங்களை அச்சிட்டு விற்பனையைப் பெருக்கப் பார்த்தார்கள். டேலியின் நாயகன் எதிர்ப்பக்கம். முகமூடிகளோடு மோதுகிறான். அவனுக்கென்று தனிக் கொள்கை ஏதும் இல்லை. போலீஸ் ஒரு பக்கம், குற்றவாளி மறு பக்கம், நான் நடுவில் என்பான்.

அக்டோபர் 1: பீட்டர் காலின்சன் என்பவர் எழுதிய ஆர்சன் ப்ளஸ். அக்கால நிழலுலகப் பேச்சில் ‘பீட்டர் காலின்ஸ்’ என்றால் யாருமில்லை என்று பொருள். அப்படியானால் காலின்சன், யாருமற்றவனின் மகன். இந்தப் புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர்தான் ஹாமெட். 1915 முதல் பிங்கர்ட்டன் தனியார் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், காசநோயால் உடல் உடைந்து அந்த வேலையை விட்டவர்.

மூன்றையும் படித்தபின் தொடக்கப் பத்திகளை மட்டும் திரும்பப் பாருங்கள். டேலியின் நாயகன் வாயைத் திறந்தால் தற்பெருமை. நான் இப்படிப்பட்டவன், என் துப்பாக்கி இப்படிப்பட்டது, என்னிடம் வாலாட்டினால் இதுதான் கதி. ஹாமெட்டின் கதை ஒரு சுருட்டில் தொடங்குகிறது. சாக்ரமெண்டோ வட்டாரத்து ஷெரிஃப் ஒருவரின் மேசைமீது நம் பெயரில்லாத துப்பறிவாளர் அதை உருட்டிவிடுகிறார். ஷெரிஃப் எடுத்துப் பட்டையைப் பார்க்கிறார், நுனியைக் கடிக்கிறார், பதினைந்து சென்ட் சுருட்டு என்று விலையைச் சொல்லிவிட்டு, இந்த முறை நான் ஓரிரு சட்டங்களை மீற வேண்டியிருக்கும் போலிருக்கிறதே என்கிறார். அவ்வளவுதான். இருவருக்கும் எத்தனை நாள் பழக்கம், ஷெரிஃப் எப்படிப்பட்டவர், லஞ்சத்துக்கும் நட்புக்கும் நடுவே கோடு எங்கே ஓடுகிறது என்பதெல்லாம் ஒரு சுருட்டுக்குள் வந்துவிட்டன. ஒருவருக்குத் துப்பறிவாளர் என்பவர் வீரன். மற்றவருக்கு அது மாதச் சம்பள வேலை.

ஆனால் டேலியைக் கேலி செய்துவிட்டுப் போய்விடாதீர்கள். அந்தக் காலத்து வாசகர் கொண்டாடியது அவரைத்தான். அவர் உடைத்துவிட்ட கதவு வழியாகத்தான் ஹாமெட் நிதானமாக உள்ளே நடந்து வந்தார். டேலியின் வாக்கியங்கள் ஏன் நீள்கின்றன, ஒரே மிரட்டலை ஏன் மூன்று முறை சொல்கிறார் என்று கேட்டால், படி 1-இல் பார்த்த கணக்கரை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பெயரில்லாத மனிதரைத் தேதி வரிசையில் பின்தொடருங்கள்

ஹாமெட்டின் அந்தத் துப்பறிவாளருக்குக் கடைசிவரை பெயர் இல்லை. கான்டினென்டல் என்ற கற்பனை நிறுவனத்தின் ஊழியர், ஆகவே கான்டினென்டல் ஆப். குள்ளம், பருமன், நடுவயது. 28 கதைகள், அவற்றோடு இரண்டு நாவல்கள். அத்தனையையும் படிக்க நேரமில்லாதவர்களுக்கு என் தேர்வு இது. 1924-இன் ஹவுஸ் இன் டர்க் ஸ்ட்ரீட், அதைத் தொடரும் கேர்ள் வித் தி சில்வர் ஐஸ் இரண்டையும் ஒரே மூச்சில். பிறகு 1925 மே மாதத்தின் ஸ்கார்ச்டு ஃபேஸ். அதே டிசம்பரின் கட்டிங் ஆஃப் கூஃபினல்: ஒரு தீவில் திருமணப் பரிசுகளைக் காவல் காக்கப் போகிறார், இரவில் தீவே கொள்ளை போகிறது. அதன் கடைசிப் பக்கத்தை யாரும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் 1926-இல் ஒரு வெற்றிடம் தெரியும். கூலித் தகராறில் ஹாமெட் இதழை விட்டுவிட்டு சான்பிரான்சிஸ்கோவில் ஒரு நகைக்கடைக்கு விளம்பரம் எழுதப் போனார். புது ஆசிரியர் வந்து அழைத்தபின்தான் திரும்பினார். வந்ததும் எழுதியது 1927 பிப்ரவரியின் பிக் நாக்ஓவர். ஏறக்குறைய 150 ரவுடிகள் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்து வங்கிகள் இரண்டைக் கொள்ளையடிக்கும் கதை. மதுவிலக்குச் சட்டம் 1920-இல் வந்து, கள்ளச்சாராயப் பணத்தில் கூட்டங்கள் பெருத்து, போலீஸும் மேயரும் விலைபோன காலம். ஒரு பிணம், ஒரு கொலையாளி, ஒரு தடயம் என்ற பழைய கணக்கு அந்த ஊர்களுக்குப் போதவில்லை. அதைக் கதையின் அளவே காட்டிவிடுகிறது.

இந்த வரிசையில் 1925 நவம்பரின் டெட் யெல்லோ விமன் கதையும் இருக்கிறது. சீனர்கள் வாழும் பகுதியில் நடப்பது. தலைப்பே சொல்லிவிடும். கறுப்பர், சீனர், மெக்சிகோக்காரர் பற்றிய அன்றைய வெள்ளை அமெரிக்காவின் அழுக்கு இந்த இதழ்களில் நிறைய. மர்மச் சாமியாராக ‘இந்து’க்களும் எங்காவது தலைகாட்டுவார்கள். நான் அப்படிப்பட்ட கதைகளைத் தவிர்ப்பதில்லை. ஆனால் முதல் வாரத்தில் படிக்கத் தரவும் மாட்டேன்.

படி 5: தொடராக வந்ததைத் தொடராகவே படியுங்கள்

ஹாமெட்டின் முதல் நாவலான ரெட் ஹார்வெஸ்ட் 1929-இல் நூலாக வந்தது. அதற்கு முன் 1927 நவம்பரிலிருந்து 1928 பிப்ரவரி வரை பிளாக் மாஸ்கில் நான்கு தனித் தலைப்புகளில் வந்தது: க்ளென்சிங் ஆஃப் பாய்சன்வில், க்ரைம் வான்டட், டைனமைட், நைன்டீன்த் மர்டர். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மர்மமும் ஒரு முடிவும் கொண்ட முழுக் கதை. வாசகர் போன மாத இதழை வாங்காமல் விட்டிருக்கலாம் அல்லவா? நாவலாகப் படிக்கும்போது, கொலைகாரன் யார் என்ற முதல் கேள்விக்கு ஏன் இத்தனை சீக்கிரம் விடை கிடைத்துவிடுகிறது என்று குழம்பியவர்கள் உண்டு. இதழை வைத்துப் பார்த்தால் குழப்பமே இல்லை. அது முதல் மாதத்தின் கடைசிப் பக்கம்.

செய்முறை இதுதான். நான்கு பகுதிகளையும் வாரத்துக்கு ஒன்றாகப் படியுங்கள். நான்கு வாரம் கழித்து நூல் வடிவத்தை எடுங்கள். ஒட்டுப்போட்ட இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். பதிப்பகத்தார் வன்முறை கூடிவிட்டது என்று சொன்னதால் ஹாமெட் சில வெடிப்புகளைக் குறைத்தார். எவை காணாமல் போயின என்று தேடுவது, ஆறு வித்தியாசங்கள் கண்டுபிடிக்கும் படப்புதிரைவிட சுவாரசியமானது.

மால்டீஸ் ஃபால்கன் 1929 செப்டம்பர் முதல் 1930 ஜனவரி வரை ஐந்து பகுதிகளாக வந்தது. இங்கே ‘நான்’ போய்விட்டது. இதன் துப்பறிவாளர் சாம் ஸ்பேடை வெளியிலிருந்தே பார்க்கிறோம். அவர் சிகரெட்டுக்குப் புகையிலை சுருட்டுவது ஒரு முழுப் பத்திக்கு வரும், அப்போது அவர் என்ன நினைத்தார் என்று ஒரு வரி வராது. இதைப் பற்றிக் கார்ட்னர் சொல்லிப் பரவிய வேடிக்கை ஒன்று உண்டு. ஆசிரியர் கெட்ட வார்த்தைகளை வெட்டிக்கொண்டே இருந்ததால், ஹாமெட் கேட்பதற்கு ஆபாசமாக ஒலிக்கும் ஒரு சாதாரணத் திருட்டுப் பரிபாஷையை ஒரு கதையில் வைத்தார். ஆசிரியர் அதன்மேல் பாய்ந்தார். அந்தச் சந்தடியில் ‘கன்செல்’ என்ற சொல் தப்பிவிட்டது. துப்பாக்கிக்காரனைக் குறிப்பதாக ஆசிரியர் எண்ணிக்கொண்டார். உண்மையில் அது மூத்த ஆணொருவர் உடன் வைத்திருக்கும் இளைஞனைக் குறித்த சொல். பின்னால் வந்தவர்களும் ஏமாந்து அடியாள் என்ற பொருளிலேயே எழுதப்போய், ஆங்கில அகராதியில் அந்தப் பொருளும் ஏறிவிட்டது.

படி 6: கத்தரிக்கோலைப் பிடித்திருந்த கை

அந்த ஆசிரியர் ஜோசப் ஷா. முன்னாள் ராணுவ கேப்டன், வாள்வீச்சுக்காரர். 1926 இறுதியில் பொறுப்பேற்றபோது இதழ் நடத்திய அனுபவம் அதிகம் இல்லாதவர். எழுத்தாளர்கள் அவரை ‘கேப்’ என்றார்கள். ஹாமெட்டை முன்னால் நிறுத்தி, இப்படி எழுதுங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னார். ரவுல் விட்ஃபீல்ட், ஃபிரெடரிக் நெபெல், பால் கெய்ன் எல்லாம் அவர் காலத்தில் விளைந்தவர்கள். சொல்லுக்குக் கூலி வாங்குபவரிடம் சொல்லைக் குறை என்று கேட்பது, நெசவாளியிடம் முழத்தைக் குறை என்பது போல. அந்தக் கேள்வியைத் தைரியமாகக் கேட்டார், குறைத்தவர்களுக்குக் கூலியை உயர்த்தியும் கொடுத்தார். பால் கெய்னின் ஃபாஸ்ட் ஒன் 1932-இல் தொடங்கியது. வெட்டுவதற்கு அதில் இனி ஒன்றும் இல்லை என்னும் அளவுக்கு எலும்பாக இருக்கும். படிப்பவருக்கு மூச்சு வாங்கும். எனக்குப் பாதிக்கு மேல் தலைவலி வந்தது. ஒரு நடையை எதுவரை இழுக்கலாம் என்று காட்டுவதற்காகவே சிபாரிசு செய்கிறேன்.

வரலாற்றுக் குறிப்புகளில் ஷாவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே மாலை விழுகிறது. டேலியும் ஹாமெட்டும் கார்ட்னரும் அவர் வருவதற்கு முன்பே இதழில் இருந்தார்கள். படி 3-இல் பார்த்த மூன்று கதைகளையும் அச்சேற்றியவர் சட்டன். அவருக்கும் ஷாவுக்கும் நடுவில் ஃபிலிப் கோடி. ஷா வயலை உழவில்லை, முளைத்திருந்ததில் களை பறித்தார். அதுவும் சிறிய வேலையல்ல.

1936 ஜனவரி 11 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிளாக் மாஸ்க் எழுத்தாளர்கள் ஒரு விருந்தில் கூடினார்கள். அந்தப் புகைப்படம் தேடினால் கிடைக்கும். ஹாமெட்டும் சாண்ட்லரும் நேரில் சந்தித்தது அந்த ஒருமுறைதான். அதே ஆண்டில் பணத் தகராறில் ஷா வெளியேறினார். அடுத்து ஆசிரியராக வந்த ஃபேனி எல்ஸ்வொர்த் அதற்கு முன் கௌபாய் காதல்கதை இதழ் நடத்தியவர். அவர் காலத்தில் கெட்டிப்பட்ட ஆண்கள் கொஞ்சம் பின்வாங்க, கார்னெல் உல்ரிச்சின் நடுங்கும் மனிதர்கள் உள்ளே வந்தார்கள். அந்த மாற்றத்தைப் பலர் வீழ்ச்சி என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

படி 7: சாண்ட்லரின் பயிற்சியை நீங்களே செய்து பாருங்கள்

எண்ணெய்க் கம்பெனியில் உயரதிகாரியாக இருந்து, குடியால் 1932-இல் வேலையை இழந்தவர் ரேமண்ட் சாண்ட்லர். 1933 டிசம்பரில் பிளாக்மெய்லர்ஸ் டோன்ட் ஷூட் வெளியானபோது வயது 45. எழுதக் கற்றுக்கொள்ள அவர் கையாண்ட வழியைப் பின்னாளில் கார்ட்னருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். கார்ட்னரின் ஒரு குறுநாவலை எடுத்துச் சம்பவச் சுருக்கம் எழுதிக்கொண்டார். மூலத்தை மூடிவைத்துவிட்டு, சுருக்கத்தை வைத்துத் தானே முழுக்கதையையும் எழுதினார். பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, தான் எங்கே சறுக்கினோம் என்று பார்த்தார். திரும்பவும் எழுதினார்.

இதைத் தமிழில் செய்யுங்கள். ஆர்சன் ப்ளஸ் போன்ற ஒரு சிறு கதையைப் பத்து வரியில் சுருக்குங்கள். ஒரு வாரம் விட்டுவிட்டு அதிலிருந்து தமிழில் எழுதுங்கள். பிறகு மூலத்தோடு வையுங்கள். நீங்கள் விளக்கிய இடத்தில் மூலம் ஒரு கைச்செய்கையோடு நிறுத்தியிருக்கும். எந்த விமர்சன நூலும் கற்றுத் தராததை அந்த ஒரு மாலை கற்றுத் தந்துவிடும்.

அடுத்து, சாண்ட்லர் தன் கதைகளைத் தானே தின்றதைப் பாருங்கள். 1939-இன் பிக் ஸ்லீப் நாவலுக்குள் 1935 ஜனவரியின் கில்லர் இன் தி ரெயின், 1936 செப்டம்பரின் கர்ட்டன் என்ற இரண்டு பிளாக் மாஸ்க் கதைகள் முதுகெலும்பாக இருக்கின்றன. முதலில் இதழ்க் கதைகள், பிறகு நாவல் என்ற வரிசையில் படியுங்கள். கதையில் இரண்டு வரியில் கடந்த மழை நாவலில் அரைப் பக்கம் பெய்யும். நாவலில் கார் ஓட்டுநரைக் கொன்றது யார் என்று படமெடுத்தவர்கள் கேட்டதற்கு, எனக்கும் தெரியாது என்று சாண்ட்லர் சொன்னதாக ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. இரண்டு கதைகளைத் தைக்கும்போது விட்டுப்போன பிசிறு அது. இப்படிப் பிரித்தெடுத்த கதைகளை மறுபதிப்புச் செய்ய அவர் உயிரோடு இருந்தவரை சம்மதிக்கவில்லை. 1964-இல்தான் தொகுப்பாக வந்தன.

ஒரு எச்சரிக்கை. இதழ்களில் அவருடைய நாயகர்களுக்கு மேலரி, கார்மடி, ஜான் டால்மஸ் என்று வெவ்வேறு பெயர்கள். நாவல்களின் நாயகனான ஃபிலிப் மார்லோ புகழ்பெற்ற பிறகு, மறுபதிப்புகளில் பழைய கதைகள் சிலவற்றில் பெயரை மார்லோ என்று மாற்றிவிட்டார்கள். 1930களின் பிளாக் மாஸ்கில் மார்லோவைத் தேடி மூன்று நாள் வீணாக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் அங்கே இல்லை.

படி 8: பக்கத்துக் கடைகளை எட்டிப் பாருங்கள்

1931-இல் தொடங்கிய டைம் டிடெக்டிவ் பிளாக் மாஸ்கின் நேர்ப் போட்டி. இந்த ‘டைம்’ நேரம் அல்ல, பத்து சென்ட் நாணயம். ஷா போனபின் சாண்ட்லர் இங்கேதான் வந்தார். உல்ரிச்சின் இட் ஹேட் டு பி மர்டர் 1942 பிப்ரவரியில் இங்கே வந்தது. ஹிட்ச்காக்கின் ரியர் விண்டோ படம் அதிலிருந்து எடுத்ததே. டிடெக்டிவ் ஃபிக்ஷன் வீக்லி என்ற வார இதழ் 1924-இல் ஃப்ளின்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. கலவையான சரக்கு, பொறுக்கி எடுக்க வேண்டும். ஷேடோ 1931 ஏப்ரலில் வந்தது. வானொலி அறிவிப்பாளரின் குரலாக இருந்த பாத்திரத்துக்கு, கடையில் வாசகர்கள் கேட்கத் தொடங்கியதால், இதழ் அமைத்தார்கள். வால்டர் கிப்சன் என்ற மந்திரவித்தை எழுத்தாளர், மாக்ஸ்வெல் கிராண்ட் என்ற பொதுப்பெயரில் 280-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். ஒன்று படியுங்கள். பிடித்தால் இன்னும் 279 காத்திருக்கின்றன.

படி 9: சரியான பிரதியைப் பிடியுங்கள்

ஸ்கேன் பிரதிகளுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தின் பல்ப் இதழ்ப் பகுதியில் தொடங்குங்கள். பிளாக் மாஸ்கின் 1920களின் இதழ்கள் அரிது, எல்லாம் கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நூல்களில், ரிச்சர்ட் லேமனும் ஜூலி ரிவெட்டும் தொகுத்து 2017-இல் வந்த பிக் புக் ஆஃப் தி கான்டினென்டல் ஆப் முக்கியமானது. தொடர்களை இதழில் வந்த வடிவிலேயே தருகிறது. ஓட்டோ பென்ஸ்லர் தொகுத்த இரண்டு தடித்த நூல்களும் (2007-இல் பொதுவான பல்ப் கதைகள், 2010-இல் பிளாக் மாஸ்க் கதைகள்) கைக்கு அடக்கமில்லாதவை, ஆனால் விலைக்குத் தகுந்தவை.

1940களில் எல்லெரி குயின் என்ற, இருவர் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயரில் வந்த ஹாமெட் தொகுப்புகள் பழைய புத்தகக் கடைகளில் சிக்கினால் மகிழ்ச்சியாக வாங்குங்கள், ஆனால் அதையே மூலமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹாமெட் கதைகளைச் சாணித்தாளிலிருந்து மீட்டவர் அந்தப் பெயரின் ஒரு பாதியான ஃபிரெடரிக் டேனே. கூடவே தலைப்பை மாற்றினார், உள்ளேயும் கை வைத்தார். பாடீஸ் பைல்டு அப் என்ற கதை ஹவுஸ் டிக் என்று வந்தது அப்படித்தான். ஆகவே ஒவ்வொரு கதைக்கும் உங்கள் குறிப்பேட்டில் நான்கு விவரம் எழுதிவையுங்கள்: இதழில் வந்த தலைப்பு, மாதமும் ஆண்டும், அப்போது இருந்த ஆசிரியர், அச்சில் இருந்த பெயர். கார்ட்னர் சார்லஸ் எம். கிரீன் என்றும் எழுதியிருக்கிறார் என்பதால் நான்காவது விவரம் கட்டாயம்.

மொழிபெயர்க்க நினைப்பவர்களுக்கு: அமெரிக்காவில் அந்தக் காலத்து இதழ்கள் வெளியாகி 95 ஆண்டுகள் முடிந்ததும், அடுத்த ஜனவரி முதல் பதிப்புரிமை தீர்ந்து பொதுச் சொத்து. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள். டேலி 1958, சாண்ட்லர் 1959, ஹாமெட் 1961 ஜனவரியில் மறைந்தார்கள். எனவே அவர்கள் வாழ்ந்தபோது அச்சான கதைகளை இந்தியாவில் தமிழாக்கித் தடையின்றி வெளியிடலாம். உல்ரிச்சுக்கு 2028 முடியும்வரையும், கார்ட்னருக்கு 2030 முடியும்வரையும் பொறுக்க வேண்டும். இலங்கையில் 70 ஆண்டுக் கணக்கு, ஆகவே அங்கே ஹாமெட்டும் இன்னும் காப்புக்குள் இருக்கிறார். தொகுப்பாசிரியர்களின் முன்னுரையும் குறிப்புகளும் எங்கேயும் இதில் சேராது.

படி 10: எங்கே நிறுத்துவது

இரண்டாம் உலகப்போரில் காகிதத் தட்டுப்பாடு வந்தது. பழைய காகிதம் திரட்டும் இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பழைய இதழ்கள் கூழாகித் திரும்பப் போயின. போருக்குப் பின் பாக்கெட் அளவு நாவல்களும் தொலைக்காட்சியும் வாசகரை இழுத்துக்கொண்டன. ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் 1949-இல் டிடெக்டிவ் ஸ்டோரி, ஷேடோ இரண்டையும் மூடியது. பிளாக் மாஸ்க் 1951-இல் நின்றது, டைம் டிடெக்டிவ் 1953-இல். ஆகவே 1940களின் இதழ்களில் உல்ரிச்சை மட்டும் தேடி எடுத்துக்கொண்டு, அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அதன் பிறகும் கை ஓயவில்லை என்றால், ஷாவே தொகுத்து 1946-இல் வெளியிட்ட ஹார்ட்பாயில்டு ஆம்னிபஸ் நூலைத் தேடுங்கள். தன் காலத்தில் எதையெல்லாம் நல்ல கதை என்று நினைத்தார் என்று அவர் கையாலேயே பொறுக்கிவைத்திருக்கிறார். உங்கள் குறிப்பேட்டில் நீங்கள் நட்சத்திரமிட்ட கதைகளோடு அந்தப் பட்டியல் எத்தனை இடத்தில் ஒத்துப்போகிறது என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு ஐந்துக்கு மேல் ஒத்துப்போகவில்லை.